தோப்பு நாய் ஓயாமல் குரைக்கிறதா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் இரும்பை கிராமம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் இங்கே உள்ளது. சித்தர் ஒருவரின் கோபத்தால் மூன்றாகப் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்து வைத்துப் பூஜை செய்து வருகிறார்கள். ஊரைச் சுற்றிலும் செம்மண் பூமி. முந்திரி, மணிலா, சவுக்கு, தென்னை ஆகியவை இந்தப் பக்கத்துப் பயிர்கள். தோப்பும் மோட்டார் கொட்டகையும் உள்ள இடத்தில் பெரும்பாலும் ஒரு நாயும் இருக்கும்.

இந்த நாயை யாரும் அழகுக்காக வளர்ப்பதில்லை. மோட்டாரின் செம்புக் கம்பிக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. முந்திரிக் காலத்தில் விடியுமுன் கொட்டை பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மணிலா காய் பிடிக்கும் சமயத்தில் மயிலும் பன்றியும் கொல்லையில் இறங்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு குரல் கொடுக்கத்தான் நாய். ஆகவே, நாய் குரைக்கவே கூடாது என்று எந்த விவசாயியும் கேட்க மாட்டார். குரைப்பு அளவு மீறிப் போகும்போதுதான் பிரச்சினை.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்தப் பகுதி வெகுவாக மாறிவிட்டது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது சுற்றுவட்டாரம் பெரும்பாலும் மழையில் அரித்துப்போன செம்மண் மேடாக இருந்தது. இன்று மரங்கள் அடர்ந்து விட்டன. இரும்பை, இடையன்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஆகிய ஊர்களைச் சுற்றி வீடுகளும் விருந்தினர் விடுதிகளும் வந்துவிட்டன. முன்பு மாலை ஆறு மணிக்குமேல் ஆள் நடமாட்டமே இல்லாத தோப்புப் பாதையில் இப்போது இரவு வெகுநேரம் வரை இருசக்கர வாகனங்கள் போகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் நாய் குரைக்கிறது. வண்டி போன பிறகு அடுத்த தோப்பு நாய் குரைக்கிறது. அதற்குப் பதிலாக இது மறுபடியும் குரைக்கிறது. “அண்ணே, உங்க நாயைக் கொஞ்சம் கவனிங்க, பிள்ளைங்க படிக்க முடியலை” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சொல்வார், இருமுறை சொல்வார். மூன்றாம் முறை பேச்சு தடிக்கும். இதில் இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதும், கடைசியில் யாரோ நாய்க்கு விஷம் வைத்துவிடுவதும் கிராமங்களில் நடக்காதவை அல்ல.

இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாதது. இரவில் முப்பது தடவை குரைக்கும் நாய்க்காக யாரும் முப்பது தடவை எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. மூன்று நாள் எழுந்து பார்ப்பார்கள். நான்காம் நாள் புரண்டு படுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே மோட்டார் கொட்டகைப் பூட்டை உடைக்கிற இரவிலும் நாய் குரைத்துக் கொண்டுதான் இருக்கும், வீட்டுக்காரர் தூங்கிக் கொண்டுதான் இருப்பார். எதற்கும் குரைக்கும் நாயும் எதற்குமே குரைக்காத நாயும் காவலுக்கு ஒன்றேதான்.

ஏன் குரைக்கிறது?

நாயின் முன்னோரான ஓநாய் அவ்வளவாகக் குரைப்பதில்லை. ஊளையிடும், உறுமும், குரைப்பது எப்போதாவதுதான். மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகே நாயிடம் குரைப்பு பெருகியது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. ருஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரில் பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் 1959ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தோலுக்காக வளர்க்கப்பட்ட நரிகளில் மனிதனைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தார்கள். சில தலைமுறைகளிலேயே அவை வாலை ஆட்டின, கையை நக்கின, மனிதனைப் பார்த்து நாயைப் போலக் குரலும் கொடுத்தன.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தார் நாய்களின் குரைப்பைப் பல சந்தர்ப்பங்களில் ஒலிப்பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நியரைக் கண்டு குரைத்தது எது, தனியே கட்டிப் போட்டதற்குக் குரைத்தது எது, விளையாட்டுக்குக் குரைத்தது எது என்பதை நாய் வளர்க்காதவர்கள்கூட ஓரளவு சரியாகவே சொன்னார்கள். 2005ஆம் ஆண்டு இந்த முடிவுகள் வெளியாயின. நம் ஊரில் தோப்புக் காவலில் இருக்கும் வயதானவர்கள் கட்டிலில் படுத்தபடியே “பாம்பைப் பார்த்துட்டுக் குரைக்குது”, “ஆள் வர்றாங்க” என்று சொல்வது வெறும் ஊகமல்ல.

ஆகவே முதல் வேலை நாயை அடக்குவதல்ல. நான்கைந்து நாள் அதைக் கேட்பதுதான். தினசரித் தேதி கிழிக்கும் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. அந்தத் தாளிலேயே எத்தனை மணிக்கு, எதற்காக, எவ்வளவு நேரம் குரைத்தது என்று குறித்து வரலாம். ஐந்து தாள் சேர்ந்ததும் சங்கதி விளங்கிவிடும். காலை ஆறரைக்குப் பால்காரர், எட்டுக்குப் பள்ளிக்கூட வேன், மாலையில் வீட்டார் சாப்பிட உட்காரும் நேரம், இரவு பத்துக்கு மேல் பக்கத்துத் தோப்பு நாய் என்று ஒரு கணக்கு இருக்கும். “சும்மா எந்நேரமும் குரைக்குது” என்று அலுத்துக்கொண்டவர்களே, பெரும்பகுதிக் குரைப்பு மூன்று நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள்.

ஒன்றுமில்லாததற்குக் குரைக்கிறது என்று முடிவு கட்டுவதிலும் நிதானம் வேண்டும். மனிதக் காதுக்கு நொடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிதான் கேட்கும். நாய்க்கு 40,000க்கும் மேல் கேட்கும். கூரையில் ஓடும் எலியும் வேலியோரம் போகும் கீரியும் அதற்குத் தெரியும்; வீட்டாருக்குத் தெரியாது.

பால்காரரை விரட்டும் நாய்

தோப்பு வீட்டு நாய்களின் குரைப்பு ஏன் நாளுக்கு நாள் வளர்கிறது என்பதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. பால்காரர் சைக்கிளில் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் பாலை ஊற்றிவிட்டுத் தம் வழியே போகிறார். அவர் போவது அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்ற. ஆனால் நாயின் கணக்கு வேறு. ‘நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்.’ மறுநாளும் அப்படியே. பேப்பர் போடும் பையன், மரமேறுகிறவர், பாதையில் போகும் வண்டி என ஒவ்வொருவரும் நாய்க்கு ஒரு வெற்றியைத் தந்துவிட்டே போகிறார்கள். ஒரு வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து வெற்றி. அப்பேர்ப்பட்ட நாயிடம் “சும்மா இரு” என்று வீட்டிலிருந்தபடி கத்தினால் என்ன பிரயோஜனம்? எஜமானரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும். கத்தக் கத்த நாயின் உற்சாகம் கூடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இதற்குப் பால்காரரின் ஒத்தாசையே மருந்து. ஒரு பிடி வறுகடலையோ ரொட்டித் துண்டோ அவர் கையில் கொடுத்து வைத்து, நாய் வாயை மூடிய நேரத்தில் அவரே அதன் முன்னால் போடும்படி செய்ய வேண்டும். குரைத்துக் கொண்டிருக்கும்போது போடக்கூடாது. பத்துப் பதினைந்து நாளில் பால்காரரின் மணிச் சத்தம் நாய்க்குத் தீனியின் சத்தமாகிவிடும். உணவு வருமுன் கேட்கும் ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் காட்டியதும் இதே இயல்பைத்தான். ஒன்று மட்டும். அந்நியர் எவர் கொடுத்தாலும் நாய் தின்னப் பழகிவிடுமே, காவல் என்னாவது என்று சிலர் தயங்குவார்கள். நியாயமான தயக்கம். தினசரி வந்து போகும் இரண்டு மூன்று பேரோடு இதை நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் பகலில் மட்டும். மற்றபடி வீட்டாரே நாயின் பக்கத்தில் நின்று தீனி கொடுப்பது நல்லது.

சங்கிலியும் சோம்பலும்

“நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்பது பழமொழி. கட்டிப் போட்ட நாய்க்கு வேலையும் இல்லை, போக இடமும் இல்லை. காலையில் இரண்டு முழச் சங்கிலியில் வேலி ஓரம் கட்டி, இரவில் அவிழ்த்து விடுவது பல தோப்புகளில் வழக்கம். பகல் முழுவதும் பாதையில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டு, எட்டிப் பிடிக்க முடியாமல் சங்கிலியை இழுத்துக் கொண்டே இருக்கும் நாய் வெறி பிடித்தாற்போல் குரைக்கத்தான் செய்யும். நாளடைவில் கடிக்கவும் செய்யும். மிகக் குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவின்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் கம்பி ஓட்டம் ஒன்று அமைக்கலாம். இரண்டு தென்னை மரங்களுக்கிடையே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே உறுதியான கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டிவிட்டால் நாய் நாற்பது ஐம்பது அடி தூரம் நடந்து திரியலாம். மரத்தைச் சுற்றிச் சங்கிலி சிக்காதபடி கம்பியின் இரு முனைக்கும் மூன்று அடி முன்னதாகவே முடிச்சுப் போட்டு வளையத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். கிணற்று ஓரமும் வேலி ஓரமும் கூடாது. வேலியைத் தாண்டிக் குதித்துக் கழுத்து மாட்டிச் செத்த நாய்கள் உண்டு. ஓட்டம் முழுவதும் நிழலும், எட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டியும் இருக்க வேண்டும்.

பாதையைப் பார்க்க விடாமல் மறைப்பது இன்னும் சுலபம். வேலியில் நாயின் கண் மட்டத்துக்கு மேல் நான்கு அடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் போதும். காசு அதிகம் ஆகாது. கண்ணில் படாத சைக்கிளுக்குக் குரைப்பு பாதியாகக் குறைவதுண்டு. இரவில் நாயைத் தோப்பின் கடைக்கோடியில் விடுவதைவிட வீட்டுத் திண்ணை ஓரத்தில் படுக்க வைப்பது நல்லது. ஆள் அருகில் இருக்கும் நாய் அக்கம்பக்கத்து நாய்களுக்குப் பதில் சொல்வதில் அவ்வளவு அக்கறை காட்டாது.

காலை மாலை இரு வேளையும் அரை மணி நேரம் கொல்லையைச் சுற்றிக் கூட்டிப் போவது எந்தப் பயிற்சிக்கும் முந்தியது. எப்படியும் மடை பார்க்க, வாய்க்கால் பார்க்க நடந்துதானே போகிறோம். நாயும் கூட வரட்டுமே. அது மோப்பம் பிடிக்க விரும்பும் இடத்தில் நிற்க விட வேண்டும். மூக்குக்கு வேலை கொடுத்த நாய் களைத்துப் படுக்கும். தீனியில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் புல் தரையில் இறைத்துத் தேடித் தின்ன விடுவதும் இதே வகை. பழைய சோறும் கஞ்சியும் மட்டுமே தின்னும் நாய் இரவில் பசியாலும் கத்தும். முட்டை, கோழி இறைச்சி, மீன் இவற்றில் ஏதாவது சிறிதளவு சேர வேண்டும். சமைத்த கோழி எலும்பு கூடாது. அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

“போதும்” என்ற சொல்

சுற்றுப்புறத்தைச் சரிசெய்த பிறகே பயிற்சி. நாய்க்குக் கற்பிக்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. ‘போதும்’ என்று வைத்துக்கொள்ளலாம். வேறு சொல்லும் ஆகும்; ஆனால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். அப்பா ‘போதும்’ என்றும், பிள்ளை ‘ஏய்’ என்றும், பாட்டி ‘சனியனே’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் நாய் எதைத்தான் கற்கும்?

வீட்டு ஆள் ஒருவரைப் படலைத் தட்டச் சொல்ல வேண்டும். நாய் இரண்டு மூன்று தடவை குரைக்கட்டும். அது அதன் வேலை. அப்போது பக்கத்தில் போய், தணிந்த குரலில் ஒரே தடவை ‘போதும்’ என்று சொல்லி, மூக்கருகே விரற்கடை அளவு ஈரல் துண்டோ அவித்த முட்டைத் துண்டோ காட்ட வேண்டும். மோந்து பார்ப்பதற்காக நாய் குரைப்பை நிறுத்தும். உடனே கொடுத்துவிடாமல் மனத்துக்குள் மூன்று எண்ணி, அதுவரை வாய் மூடியிருந்தால் கொடுக்க வேண்டும். இடையில் குரைத்தால் கையை மூடிக்கொண்டு, நின்ற பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. இரண்டு மூன்று நாள் கழித்து ஐந்து எண்ணலாம், பிறகு பத்து, பிறகு இருபது. சொல்லைக் கேட்டதுமே நாய் திரும்பிப் பார்க்கிற நிலை வந்தால் தீனியைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, பையிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அதற்கும் அப்பால், சில தடவை தீனி, சில தடவை தட்டிக் கொடுத்தல் என்று மாற்றலாம்.

இதில் ஒரு குழி இருக்கிறது, கெட்டிக்கார நாய்கள் வைத்திருப்பவர்கள் அதில் விழுவார்கள். குரைத்து, நிறுத்தி, தீனி வாங்கிக்கொண்டு, மறுபடி தீனிக்காகவே குரைக்க நாய் கற்றுக்கொள்ளும். ஆகவே ஆள் போகும்போது குரைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குத்தான் பெரிய துண்டு. சும்மா இருக்கிற நாயை யாரும் கவனிப்பதில்லை. குரைத்தால்தான் வீடே திரும்பிப் பார்க்கிறது. இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்.

பாதையில் போகிறவரைக் கண்டால் ‘போதும்’ என்பதே காதில் ஏறாத அளவுக்கு ஆவேசப்படும் நாய்க்குத் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். நூறு அடியில் ஆள் நின்றால் குரைக்காது, எண்பது அடியில் குரைக்கும் என்றால் நூறு அடியில் ஆளை நிறுத்தி, பார்க்கப் பார்க்கத் தீனி கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் தொண்ணூறு அடி. இப்படியே நெருங்கி வரலாம். அவசரப்பட்டு ஒரேயடியாக இருபது அடிக்கு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வீட்டார் சாப்பிடும்போது பங்கு கேட்டுக் குரைக்கும் நாய்க்கு வைத்தியம் வேறு. அதைக் கவனிக்கவே கூடாது. பார்க்கவும் கூடாது, திட்டவும் கூடாது. முதல் சில நாள் குரைப்பு குறையாது, கூடும். “இத்தனை நாள் பலித்தது இன்று ஏன் பலிக்கவில்லை” என்று நாய் உரக்கக் கேட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் மனம் பொறுக்காமல் யாராவது ஒரு உருண்டை சோறு போட்டால் காரியம் கெட்டது. ‘இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும்’ என்ற பாடம் பதிந்துவிடும். சில நாள் போட்டுச் சில நாள் போடாமல் இருந்தால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். பெரும்பாலும் தாத்தா பாட்டிமார்தான் இந்த இடத்தில் தோற்றுப்போகிறார்கள். அவர்களை முதலில் சம்மதிக்க வைத்துவிட்டுத் தொடங்குவது உத்தமம்.

குரல் மாறினால் ஜாக்கிரதை

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று ஓயாமல் கத்தத் தொடங்கினால் பயிற்சியைப் பற்றி யோசிக்கக் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காதில் சீழ், உண்ணித் தொல்லை, சொறி, மூட்டு வலி எல்லாமே நாயைக் கத்த வைக்கும். கிழ நாய்களுக்குப் பார்வையும் செவியும் மங்கி இரவில் திசை தெரியாமல் கத்துவது உண்டு. அதற்குக் கோபப்படுவதில் அர்த்தமில்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் சுற்றுவட்டாரக் கடுவன்கள் எல்லாம் வேலியைச் சுற்றிக் கத்தும். கருத்தடை அறுவை இதற்கு நிரந்தரத் தீர்வு.

எல்லாவற்றிலும் முக்கியமானது குரலின் மாற்றம். வெறிநோய் கண்ட நாயின் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் குரைப்பு கரகரத்து, பாதி ஊளையாக, பழக்கமில்லாத குரலாகிவிடும். வாயில் எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிடுகிறவர்கள் உயிரையே பணயம் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட நாயைத் தொடாமல் ஒதுக்கி அடைத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ நகக் கீறலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றிய பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் என்பதைத் தவறவிடக் கூடாது.

இடியும் தீபாவளி வெடியும் வேறு கணக்கு. அது பயம்; பிடிவாதம் அல்ல. அந்த நேரத்தில் எதையும் கற்பிக்க முடியாது. சத்தம் தொடங்குமுன்பே உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைப் போட்டுவிட வேண்டும். கட்டிப் போட்ட நாய் வெடிச் சத்தத்தில் பட்டையை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோவது ஆண்டுதோறும் நடக்கிறது. மனிதருக்கான தூக்க மாத்திரையை அளவு தெரியாமல் கொடுப்பது ஆபத்து. மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவரே மருந்து சொல்வார்.

செய்யக் கூடாதவை

வாயைக் கயிற்றால் கட்டுவது மிகக் கொடியது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. சித்திரை வெயிலில் வாயைக் கட்டிய நாய் சீக்கிரமே சூடு தாங்காமல் சுருண்டு விழும். கம்பால் அடிப்பதால் குரைப்பு நிற்காது; அடிப்பவர் இல்லாத நேரத்தில் இரட்டிப்பாகும். அடிக்குப் பயந்து உறுமாமலே, குரைக்காமலே நேரே கடிக்கப் பழகிய நாய் குழந்தைகள் உள்ள வீட்டில் இருப்பது பெரிய அபாயம். “குரைக்கிற நாய் கடிக்காது” என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். பயந்து குரைக்கும் நாய் மூலையில் மாட்டிக்கொண்டால் கடிக்கும்.

குரைத்தால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010ஆம் ஆண்டே இவற்றைத் தடை செய்துவிட்டார்கள். பாதையில் குழந்தை போகும்போது நாய் குரைத்து அதிர்ச்சி பட்டால், அதிர்ச்சிக்குக் காரணம் அந்தக் குழந்தை என்றே நாய் முடிவு செய்யக்கூடும். காசு கொடுத்து வாங்கும் கெடுதல் இது.

புதிதாகக் குட்டி எடுக்கிறவர்கள்

அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், குரைக்கும் சுபாவத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்று காட்டினார்கள். குரைப்பதே அரிதான ஆப்பிரிக்க பசென்ஜி இனத்தையும், எளிதில் குரைக்கும் காக்கர் ஸ்பானியல் இனத்தையும் கலந்து அவர்கள் சோதித்தார்கள். ஆகவே குட்டி எடுக்குமுன் தாயைப் போய்ப் பார்ப்பது நல்லது. இலைச் சருகு விழுந்தாலும் கத்தும் தாயின் குட்டியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. வீட்டுக்குள் வளர்க்கும் வெள்ளைச் சடை நாய்கள் பொதுவாக வாயாடிகள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் தென்மாவட்ட வேட்டை நாய்கள் வீண் சத்தம் குறைவாகவே போடும். ஆனால் அவற்றுக்கு ஓட இடம் வேண்டும். 2005ஆம் ஆண்டு தபால்தலையில் இடம் பெற்ற ராஜபாளையம் நாய் நல்ல காவல்காரன். தூய வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குச் செவிடு உண்டு என்பதால் பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். இரும்பையில் இருப்பதைப் போன்ற சாதாரண நாட்டு நாயும் எதற்கும் குறைந்ததல்ல.

மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்கு ஆயுசு முழுக்கப் பயப்படாது என்பதும் அவ்விருவரும் வற்புறுத்திய விஷயம். இரண்டு மாதத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பிரித்து வந்ததும் குட்டியை மூலையில் கட்டாமல் மோட்டார் சத்தம், டிராக்டர், மாடு, குடை பிடித்தவர், தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டாவது காட்டிவிட வேண்டும்.

மாட்டுக் கொட்டகையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது. கறவை நேரத்தில் பழக்கமில்லாத நாய் அருகில் நின்று குரைத்தால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். மிரட்சியில் சுரக்கும் நீர் பால் இறங்குவதற்கான சுரப்பைத் தடுத்துவிடுவதே காரணம். புது நாய் வந்த வீட்டில் சில வாரம் கறவை நேரத்தில் அதை வேறு பக்கம் கட்டி வைப்பது நல்லது.

அண்டை வீட்டாரிடம் பேசிவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். “பழக்கிக்கிட்டு இருக்கோம், ஒரு மாசம் பொறுத்துக்குங்க” என்று நாமே முன்கூட்டிப் போய்ச் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். எந்த நேரக் குரைப்பு அவர்களுக்கு அதிக இடைஞ்சல் என்று கேட்டு, அதையே முதலில் சரிசெய்யலாம். மறுபக்கம், விஷம் வைக்க நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பிராணியைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மேலும் வேலியோரம் வைத்த விஷத்தை எந்த நாய் தின்னும், எந்தக் காக்கை தின்னும், எந்த மயில் தின்னும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பயிற்சி பலித்த பிறகு வீட்டாருக்கும் ஒரு வேலை வந்து சேரும். இரவில் முப்பது தடவை குரைத்த நாய் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு தடவையும் டார்ச் விளக்கோடு எழுந்து போய், நாய் பார்க்கும் திசையில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். படுத்த இடத்திலிருந்தே சொல்லும் ‘போதும்’ சில நாளில் நாயின் காதில் ஏறாமல் போய்விடும். நரியோ, பன்றியோ, ஆளோ, ஒன்றுமே இல்லையோ, பார்த்ததைக் காலண்டர் தாளில் குறித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுக்கலாம்.